வெட்டும் கவ்வாத்தும்

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருப்பவனின் யன்னலுக்கு நேரே மனித முகம் தெரிவதில்லை. காகம் தெரியும், கடல் ஒரு துண்டு தெரியும், எதிர்க் கட்டடத்தில் காயப்போட்ட சாரம் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கணிக்கு வந்தபோது, ஆறடி தூரத்தில், மாமரத்துக் கவட்டில் குந்தியிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். இடுப்பில் கத்தி. தோளில் நைலோன் கயிறு. "குட் மோர்னிங் சேர்" என்றார். என்ன மறுமொழி சொல்வதென்று தெரியாமல், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அதை எப்படிக் கொடுப்பது என்ற யோசனை வந்தது. அவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. கயிற்றின் நுனியை என் பக்கம் வீசினார். மூடி இறுக்கிய போத்தலொன்றில் தேத்தண்ணி கயிற்றில் தொங்கிக்கொண்டு மரத்துக்குப் போனது.

மரம் எங்கள் தொடர்மாடிக்குச் சொந்தமானதல்ல. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருக்கும் ஒரே ஓட்டு வீட்டுக்குச் சொந்தம். அந்த வளவில் மூன்று தென்னை, ஒரு முருங்கை, இந்த மாமரம். ஒரு காலத்தில் ஒழுங்கை முழுக்க இப்படித்தான் இருந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடியானபோது அவற்றின் மரங்களும் போய்விட்டன. எஞ்சிய ஒன்றின் மேல் எல்லாருக்கும் முறைப்பாடு. இலை பீலியை அடைக்கிறது. காகம் காரில் எச்சமிடுகிறது. நுளம்பு வருகிறது. மாங்காய் விழுந்து ஒரு கண்ணாடி வெடித்தது. பழக்காலத்தில் மட்டும் முறைப்பாடு குறைந்துவிடும்.

எங்கள் பக்கம் சாய்ந்த கொப்புகளை எடுத்துவிடுவதென்று கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். நானும் கையுயர்த்தியவன்தான். மரத்துக்கு வந்தவரிடம் கீழ்வீட்டு அன்ரி சொன்னது நாலாம் மாடி வரை கேட்டது:

"தம்பி, இந்தப் பக்கம் ஒரு கொப்பும் விடாதேங்கோ. மொட்டையா எடுத்து விடுங்கோ. வருஷா வருஷம் காசு குடுக்கேலாது."

"மொட்டை அடிச்சா வருஷா வருஷம்தாம்மா கூப்பிடுவீங்க. ஒரு கொப்பு இருந்த எடத்துல பத்து கொப்பு வரும். ஒண்ணுக்கும் புடிப்பு இருக்காது, காத்துக்கு ஒடிஞ்சு காரு மேலதான் விழும். கவ்வாத்து வெட்டி விடுறேன், பாருங்க."

கவ்வாத்து என்ற சொல்லை வெள்ளவத்தையில் நான் கேட்டது அன்றுதான். மலையகத்தைப் பற்றி எழுதியவர்களின் கதைகளில் படித்திருக்கிறேன். காலி வீதிச் சந்தடிக்கு இருநூறு யார் தள்ளி, கடற்காற்றில், ஒரு மாமரத்தின் உச்சியிலிருந்து அது விழுந்தபோது, ஊர் விட்டு ஊர் வந்த சொல்லொன்றைச் சந்தித்தது போலிருந்தது.

அவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், நாற்பது தாண்டியவர். இருபது வயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்திருக்கிறார். தேயிலை தன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதை இடுப்பளவில் செடியாக வைத்திருப்பது கத்தி. உயரத்துத் தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வரும். கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள், கவ்வாத்து ஆண்கள். வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் நெருப்பு வைத்த காடு மாதிரி வெறும் குச்சியாக நிற்கும். சில வாரங்களில் அந்தக் குச்சியில் பச்சை கட்டும். வெட்டு ஒரே வீச்சில் சாய்வாக விழவேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது, குச்சி பிளக்கக்கூடாது. குளிர் கூடிய மலைகளில் எல்லாக் கொப்பையும் எடுப்பதில்லை. செடிக்கு ஒன்றிரண்டை இலையோடு விட்டுவிடுவார்கள். அது பழைய இலையில் மூச்சு வாங்கிக்கொண்டு புதுத்துளிர் வரும்வரை செடியைப் பிடித்து வைத்திருக்கும். துரைமார் அந்தக் கொப்புக்கு நுரையீரல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டம் தன் ஆட்களை நடத்திய விதத்தையும் செடியை நடத்திய விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாய்க்கு நல்ல வார்த்தை வராது. செடிக்கு நுரையீரல் விட்டுவைத்தார்கள்.

மரமேறப் பழகியது சவுக்கில் என்றார். காரைநகர்க் கடற்கரையில் ஊசி ஊசியாய் நிற்கும் சவுக்கை நினைத்துக்கொண்டு, அதில் எப்படி ஏறுவது என்று கேட்டேன். அவர் சிரித்தார். மலையில் சவுக்கு என்றால் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்ட கிரவீலியா. சிங்களத்தில் சபுக்கு. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மழைக்கு முன் அதன் கொப்பைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் கூடி, ஈரம் கூடி, தேயிலையில் நோய் பிடிக்கும். ஒரே மொழியில் ஒரே சொல் இரண்டு மரங்களைச் சுட்டி நிற்க, நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் வெவ்வேறு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு அவர் வேலை செய்யும் இடங்களுக்கு அவ்வப்போது போய் நின்று பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

வந்தவுடன் ஏறமாட்டார். பத்து நிமிடம் மரத்தைச் சுற்றி நடப்பார். முதலில் பார்ப்பது குளவி. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் விழுவதைக் கண்டு வளர்ந்தவர். கொழும்பில் அதைவிட முசுறுதான் கூட, உயிர் போகாது, ஆனால் பிடித்திருக்கும் கையை விடவைத்துவிடும் என்பார். அடுத்தது வயர். மின்சாரம் எது, ரெலிபோன் எது, எவனோ இழுத்துக் கட்டிவிட்டுப் போன செத்த வயர் எது என்று விரல்விட்டு எண்ணுவார். பிரதான லைனில் முட்டும் கொப்பென்றால் மின்சார சபை ஆட்கள் வராமல் தொடமாட்டார். பிறகு அடிமரத்துக்கு வந்து கத்தியின் பின்புறத்தால் தட்டிக் காது கொடுப்பார். கெட்டியான சத்தமும் கோறையான சத்தமும் பழகிய காதுக்கு வேறு. வேரடியில் காளான் இருந்தால் முகம் மாறும். மற்ற நாடுகளில் மர மருத்துவர்கள் இதே வேலையைச் சின்ன மரச்சுத்தியலால் செய்கிறார்கள்.

கூட இருவர். கயிறு பிடிப்பவர் வத்தளைப் பக்கத்துச் சிங்களவர். ஒழுங்கையில் ஆட்களையும் ஓட்டோக்களையும் மறித்து வைப்பது இன்னொரு பையன். மேலேயிருந்து வரும் பேச்செல்லாம் தமிழ், கயிற்றுக்கு மட்டும் சிங்களம். "அதின்ன" என்றால் இழு. "புருல் கரன்ன" என்றால் தளர்த்து. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "கயிறு புடிக்கிறவரு பாஷைலதான் சொல்லணும் சேர், என் உசுரு அவரு கையில" என்றார். இந்த நாட்டில் மொழிக்கொள்கை பற்றி நான் படித்த அறிக்கைகள் பல. இவ்வளவு சுருக்கமாக எதுவும் இல்லை.

பெரிய கொப்பென்றால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கத்தில் அரைவாசி. அடுத்து அதற்கும் கொஞ்சம் வெளியே, மேலிருந்து. கொப்பு தன் பாரத்தில் முறிந்து கயிற்றில் தொங்கும், தோலைக் கிழித்துக்கொண்டு தண்டு வழியே இறங்காது. மிச்சக் கட்டையைக் கடைசியாக எடுப்பார். அதற்குக் கைவாள்தான். செயின் சோ கீழே கட்டை துண்டுபோட மட்டும். ஒற்றைக்கையால் மரத்தைப் பிடித்து ஒற்றைக்கையால் அந்த மெஷினை ஓட்டும் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமலிருப்பார். கொப்பு தண்டோடு சேருமிடத்தில் தோல் மோதிரம் போலச் சுருங்கித் தடித்திருக்கும். கடைசி வெட்டு அந்த மோதிரத்துக்கு வெளியே நிற்கும். அதைத் தொட்டால் மரம் மூடாது என்பார்.

அந்த மோதிரத்தைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அலெக்ஸ் ஷீகோ என்ற அமெரிக்கர். அந்நாட்டு வனத்துறையில் 1959இல் சேர்ந்தவர். அவருக்கு முன்னோர் மரத்தின் நோயைக் குறுக்கே அரிந்து பார்த்தார்கள். ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய செயின் சோ கைக்கு வந்த காலம் அது. ஷீகோ மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தார், ஆயிரக்கணக்கில். அவர் கண்டது: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. எங்கள் தோல் போலப் பழுதான இடத்தைப் புதிதாக்கும் வழி அதற்கு இல்லை. காயத்தைச் சுற்றி உள்ளே சுவரெழுப்பி, கெட்டதை அங்கேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரமாக வளர்கிறது. நூறு வருடத்து மரத்துக்குள் நூறு வருடத்துக் காயங்களும் அடைத்தபடி இருக்கும். அந்த மோதிரத்துக்குள் வெட்டினால் சுவரெழுப்பும் இடமே போய்விடும். வெட்டிய வாயில் தார் பூசுவது பயன் தராது என்றும் சொன்னார். கொழும்பில் இன்றும் பூசுகிறார்கள். நம்மவர் சில வேளை பூசுவார். "வூட்டுக்காரங்களுக்கு மனசு ஆறணுமில்ல" என்பது அவர் விளக்கம்.

2023 ஒக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. காலை மழையில், கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில், லிபர்ட்டிச் சந்திக்கருகே, தெனியாய நோக்கிப் போய்க்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் மேல் மரமொன்று சாய்ந்தது. 5 பேர் இறந்தார்கள். பஸ்ஸின் கூரை நசுங்கிக் கிடந்த படத்தைப் பார்த்தவர்கள் எவரும் அடுத்த சில நாட்களுக்கு நகரத்து மரமெதன் கீழும் நிம்மதியாக நின்றிருக்க மாட்டார்கள். நான் நிற்கவில்லை. அந்த வாரம் அவருக்குத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: வெட்டு. நல்ல மரம், கெட்ட மரம் என்ற பேச்சே இல்லை. எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு குறையுமில்லாமல் நின்ற பூவரசு ஒன்று அந்த வாரத்தில் யாராலோ முழங்காலுயரத்துக்கு வந்தது.

நகரத்து மரம் ஏன் விழுகிறது என்பதற்கு அவரிடம் வரிசையாகக் காரணங்கள் உண்டு, எல்லாம் கண்ணால் கண்டவை. வடிகாலுக்கும் கேபிளுக்கும் வேரை ஒரு பக்கமாக அறுத்துவிடுகிறார்கள். அடிமரம் வரை சீமெந்து பூசுகிறார்கள், வேருக்குக் காற்றுமில்லை தண்ணீருமில்லை. வயருக்கு இடம்விட ஒரு பக்கக் கொப்புகளை மட்டும் எடுக்கிறார்கள், பாரம் மறுபக்கம் போகிறது. மொட்டையடித்த மரம் அவசரத்தில் விடும் கொப்புகள் ஆழத்திலிருந்து வருபவையல்ல, தோலோடு ஒட்டியவை. பிறகு நாலு நாள் விடாமழையில் மண் இளகுகிறது. காற்று கடைசியாக வருவது, ஆனால் பழி அதன்மேல்தான்.

கொழும்பைப் பூங்கா நகரமாக்கும் கனவு பழையது. பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1921இல் இந்நகரத்துக்குத் திட்டம் வரைந்தார். கிழக்கின் பூங்கா நகரம் என்ற பேச்சு அந்தக் காலத்தது. பௌத்தாலோக மாவத்தையில் வீதிக்கு மேல் கைகோத்து நிற்கும் பெரிய மாரா மரங்கள், தமிழ்நாட்டார் தூங்குமூஞ்சி என்பவை, தென்னமெரிக்காவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. அவற்றின் நிழலில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போன காலம் ஒன்று. அடியில் இத்தனை குழாயும் மேலே இத்தனை வயரும் வருமென்று நட்டவன் கண்டானா? மரம் நடுவதற்கு விழா எடுக்கலாம், அமைச்சர் வருவார், படம் வரும். நட்ட மரத்துக்கு எழுபதாவது வருடம் பட்ட கொப்பைக் கழிப்பதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. நன்றாகக் கவ்வாத்துச் செய்த மரத்தில் வேலை நடந்ததே தெரியாது. அவருடைய திறமையின் அடையாளமே, அவர் வந்துபோனது தெரியாமலிருப்பது. அதனால்தான் கூலி கொடுக்கும்போது பலருக்கு மனம் வருவதில்லை: "என்ன தம்பி, மரம் அப்படியே நிக்குது?"

யோசித்துப் பார்த்தால் குற்றம் எங்கள் சொல்லிலும் இருக்கிறது. கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். முடி வெட்டினால் முடி வளரும். குளம் வெட்டினால் ஊர் விளையும். மரம் வெட்டினால் மட்டும் மரம் போய்விடும். அடியோடு சாய்ப்பவருக்கும் ஆயுள் கொடுப்பவருக்கும் நகரத்தில் நாங்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்: மரம் வெட்டுகிறவர். அரச மொழிபெயர்ப்பாளர்களிடம் விட்டால் மரப் பராமரிப்பு உத்தியோகத்தர் என்று ஒன்றைச் செய்து தருவார்கள். அந்தப் பெயரால் எவரும் எவரையும் கூப்பிடப்போவதில்லை. மலையிலிருந்து வந்தவர் கையோடு ஒரு சொல் கொண்டுவந்திருக்கிறார். பட்டாளத்தில் அணிநடைக்கும் கவாத்து என்றே பெயர். தலை சமமாக நிற்கும் தேயிலை மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் விளங்கும். கொழும்புக்கு அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை.

தோட்டத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லாத கேள்வி. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் ஏறியதே 2021இல்தான். அவர் அதற்கு வெகு காலம் முன்பே பஸ் ஏறிவிட்டார். முதலில் புறக்கோட்டையில் கடை. பிறகு கொட்டாஞ்சேனையில் நாலு பேரோடு ஓர் அறை. ஒருநாள் அறைக்காரரின் தென்னையில் காய்ந்த மட்டையைக் கழித்துக் கொடுத்தார், அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டார், அப்படியே தொழிலாயிற்று. இன்று ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்தில் பல நாள் வாங்குவதை வாங்குகிறார். ஜூன் மழையில் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. தோட்டத்தில் ஈ.பி.எப். இருந்தது, 1958ஆம் ஆண்டுச் சட்டம். வேலையில் அடிபட்டால் நட்டஈடு தரவேண்டுமென்று அதற்கும் முந்திய 1934ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. மாமரத்துக் கவட்டில் இவருக்கு முதலாளி யார்? கீழ்வீட்டு அன்ரியா, எங்கள் நிர்வாகக் குழுவா, ஓட்டு வீட்டுக்காரம்மாவா? கூட்டத்தில் கையுயர்த்திய நாங்கள் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. இடுப்புப் பட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். தென்னைக்கும் நேர்மரத்துக்கும் சரி, மாமரத்தில் கொப்புக்குக் கொப்பு அவிழ்த்துக் கட்டி முடியாது என்று கழற்றிவிடுகிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை, சொல்லியும் பார்த்தேன். "விழுந்தா பாத்துக்கலாம் சேர்" என்றார். விழுந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

கொழும்பு தன் பெயரையே ஒரு மரத்திடம் வாங்கியது என்றொரு கதை உண்டு. 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட நூலில் அதை எழுதிவைத்திருக்கிறார்: காய்க்காமல் இலை மட்டும் விட்ட மாமரம் ஒன்று இங்கே நின்றதாம். சிங்களத்தில் கொல என்றால் இலை, அம்ப என்றால் மா. காய்க்காத மரத்தை அன்றைக்கு யாரும் தறித்துவிடவில்லை என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. கொட்டாஞ்சேனைக்கும் கொட்டம்பா மரத்தை, அதுதான் வாதுமையை, காட்டிப் பெயர்க்காரணம் சொல்வார்கள். இன்று ஜம்பட்டா வீதியில் வாதுமையைத் தேடினால் பொதிவண்டிக்காரர் வழிவிடச் சொல்வார்.

அந்தக் கொட்டாஞ்சேனையில்தான் அவர் ஒரு பலாவுக்கு ஐந்து வருடம் கவ்வாத்துச் செய்தார். ஒடுக்கமான வளவு, இரண்டு சுவருக்கு நடுவில் மரம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவிலும் அனுமதியில்லாமல் தறிக்கமுடியாது, 1951ஆம் ஆண்டின் சட்டம். பஞ்சத்துக்குச் சோறு போட்ட மரங்கள் என்பதால் வந்த காப்பு. வளவுக்காரர் கட்டடம் எழுப்ப விரும்பினார். தறித்துத் தரச் சொல்லி இவரிடம் இரண்டு முறை கேட்டார். கடிதம் கொண்டு வாங்க என்று இவர் திருப்பியனுப்பினார். பிறகு கூப்பிடவில்லை.

எங்கள் மாமரத்தில் அன்று அவர் ஏழு கொப்பு எடுத்தார். எட்டாவது என் பல்கணிக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது, எல்லாருடைய முறைப்பாட்டுக்கும் மூலகாரணம் அது. அதன் நுனிக் கவட்டில் காகக் கூடு. கம்பியும் ஈர்க்கும் யாரோ வீட்டு உடுப்புக் கொழுவியும் வைத்துக் கட்டியிருந்தது. உள்ளே குஞ்சு. தாய்க்காகம் இரண்டுமுறை அவர் தலையில் கொத்திவிட்டது. "இத வுட்டுர்றேன், அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன், காசு வேணாம்" என்றார். கீழே அன்ரி சத்தம்போட்டார். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சொன்னபடி வந்தார். வேலை முடிந்து பல்கணியில் அல்லாமல் வாசல் வழியாக வந்து, என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, முதல்முறையாகக் கோப்பையில் தேத்தண்ணி குடித்தார். இலக்கத்தைப் பதிந்துகொள்ளத் தொலைபேசியை எடுத்தேன். அதில் அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது, நிர்வாகக் குழுவினர் அனுப்பியதை அப்படியே பதிந்திருந்தேன்: மரம் வெட்டு தம்பி. திரையைச் சற்று மறைத்துக்கொண்டேன். அவர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். அதில் மனிதர் பெயரே இல்லை. பம்பலப்பிட்டி தென்னை மூணு. ஹெவ்லொக் ரோட் வேம்பு. கொச்சிக்கடை பிலிம்பி. தெகிவளை மா, நாய் இருக்கு. என்னை எங்கே என்று கேட்டேன். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். வெள்ளவத்தை மா, காக்கா கூடு.

அதற்கு மேலே கொட்டாஞ்சேனை பலா என்றிருந்தது.

"இவர் திரும்பக் கூப்பிட்டாரா?"

"இல்ல சேர். போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். மாடி கட்டியாச்சு."

"அப்ப அழிச்சுவிடலாமே?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இருக்கட்டும்" என்றார்.